மயிலுக்கு எத்தனை பல்ப்

கணினியில் புதிய படம் ஒன்றைத் தொடங்கும்போதெல்லாம் அது முதலில் இரண்டு கேள்விகளைக் கேட்கும். அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு. என்ன வரையப்போகிறாய் என்று கேட்காது, யாருக்காக என்றும் கேட்காது. இப்போது படம் வரைவதுதான் என் பிழைப்பு என்பதால் அந்தச் சின்னப் பெட்டி தினமும் பலமுறை என் முன்னால் வந்து நிற்கிறது. எண்களைப் போடுவதற்கு முன் நான் கொஞ்சம் தயங்குவேன். பக்கத்து மேசைக்காரர்கள் என்னைப் பெரிய யோசனைக்காரி என்று நம்புகிறார்கள். நானோ அந்த நேரத்தில் எங்கள் தோட்டத்து முருகன் கோயில் வாசலில், ஊரே பார்த்திருக்க, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. எல்கடுவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேல் டிவிசன் லயத்து வரிசை வீடொன்றில் இருந்தோம். அம்மா கொழுந்து பறித்தார். அப்பா கொழும்பில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்தார். லீவு கிடைத்தால் வருவார், அந்தத் திருவிழாவுக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அந்த வருடம் அவர் இடத்தை நிரப்பியது மாமா. அம்மாவின் ஒரே தம்பி. கட்டாரில் பல வருடம் கட்டடங்களுக்கு வயர் இழுத்துவிட்டு, ஒரு பழைய லெப்டொப்போடும் கொஞ்சம் நரையோடும் திரும்பி வந்திருந்தார்.

தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை அம்மாதான் வளர்த்தார். மாமா வெளிநாட்டில் இருந்த காலத்தில் நேரங்கெட்ட நேரத்தில் போன் அடித்தால் அம்மா அதை எடுக்கமாட்டார், என்னிடம் நீட்டுவார். நான் எடுத்து, "ரோங் நம்பர்" என்று சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வரும். இதை நான் ஒரு வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டேன்.

வந்த மாமா சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் தேர்த் திருவிழாவுக்குக் கண்டியிலிருந்து மின்விளக்குப் போர்டு வரும். இந்தத் தடவை அதைத் தானே செய்து தருவதாகக் கோயில் கமிட்டித் தலைவரிடம் சொல்லிவிட்டார். தலைவர் தோட்டத்துக் கடைக்காரர். எதையும் இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். அப்படிப்பட்டவர் எப்படியோ சரி என்று தலையாட்டியிருந்தார். அன்று இராச் சாப்பாட்டின்போது மாமா அம்மாவிடம் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"இந்த போர்டு மட்டும் சரியா வந்திருச்சுன்னா அக்கா, மத்த தோட்டத்துக் கோயிலுக்கெல்லாம் நானே சொல்லி விடுறேன்னு தலைவரு சொல்லியிருக்காரு. வெசாக் பண்டிகைக்கு உக்குவளையில வெளக்குத் தோரணம் போடுற ஆளுங்களும் கேக்குறாங்க. இங்கயே தொழில் பண்ணலாம்."

"வரலன்னா?"

"வரலன்னா குவைத்துதான். பாஸ்போட்டு ஏஜென்ட்டுக்கிட்டதானே கெடக்கு."

அம்மா என் தட்டில் இன்னொரு ரொட்டியைப் போட்டார். நான் வேண்டாம் என்று சொல்லியும் போட்டார்.

எனக்கு இதில் கவலைப்பட ஒன்றுமில்லை. குவைத்துக்குப் போனால் பெரிய ஸ்கிரீன் உள்ள டெப் ஒன்று வாங்கி அனுப்புவதாக மாமா ஏற்கனவே வாக்குக் கொடுத்திருந்தார். போர்டு எரிந்தால் பெருமை, எரியாவிட்டால் டெப். எந்தப் பக்கம் பார்த்தாலும் எனக்கு லாபம் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன்.

போர்டு என்பது பெரிய சட்டத்தில் அடிக்கப்பட்ட பலகை. அதில் வரிசைக்கு நாற்பத்தெட்டு பல்ப், மொத்தம் முப்பத்திரண்டு வரிசை. ஒவ்வொன்றும் எந்த நிறத்திலும் எரியும். கணினியில் புள்ளி புள்ளியாகப் படம் வரையும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதில் வரைந்த படத்தை ஒரு சின்ன சிப்பில் ஏற்றி, பலகைக்குப் பின்னால் உள்ள பெட்டியில் செருகினால், படம் பல்புகளில் வரும். மாமாவுக்கு வயர் தெரியும், படம் தெரியாது. அவர் முதலில் வரைந்து காட்டிய மயிலைப் பார்த்து நான் ஆமை என்றேன். அத்தோடு அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் டெங்கு ஒழிப்புப் போஸ்டருக்குப் பரிசு வாங்கியவள் என்ற தகுதியும் எனக்கு இருந்தது.

லெப்டொப்பைத் திறந்து, புதிய படம் என்று அழுத்தியதும் அந்த இரண்டு கேள்விகளும் வந்தன. மாமா தாடையைச் சொறிந்தார். பிறகு லெப்டொப்பின் செட்டிங்ஸுக்குள் போய், ஸ்கிரீன் ரெசொலூஷன் என்று இருந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். ஆயிரத்து முன்னூற்று அறுபத்தாறுக்கு எழுநூற்று அறுபத்தெட்டு என்று இருந்தது.

"ஸ்கிரீன்ல இருக்குற அவ்வளவையும் போட்டுருவோம் புள்ள. சாமிக்குச் செய்யிறதுல கஞ்சத்தனம் பண்ணக்கூடாது."

எனக்கும் அது மிகச் சரியாகப் பட்டது. புள்ளி கூடக் கூடப் படம் தெளிவாக இருக்கும் என்று டிவி விளம்பரம்கூடச் சொல்கிறதே. பலகையில் இருக்கும் பல்புகளுக்கும் மாமா அடித்த எண்களுக்கும் ஏதாவது உறவு இருக்கவேண்டும் என்று எங்கள் இரண்டு பேரின் மூளைக்கும் எட்டவில்லை.

ஏப்ரல் விடுமுறை முழுவதும் நான் அந்த மயிலோடு குடியிருந்தேன். இறகு இறகாக வரைந்தேன். கழுத்துக்கு மட்டும் பல நீலங்கள். காலில் செதில், அலகில் மூக்குத் துவாரம், கொண்டையில் மணி மணியாகப் பூ. பின்னால் நீல வானம். முடிந்த அன்று, என் கைவேலை யாருடையது என்று உலகத்துக்குத் தெரியவேண்டாமா என்று தோன்றியது. ஓவியர்கள் கீழ்மூலையில் கையெழுத்துப் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. விடைத்தாளில் மேல் இடது மூலையில் பெயர் எழுதத்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆகவே வானத்தின் இடது மூலையில், கண்ணை இடுக்கினால்தான் தெரியும் அளவுக்குச் சின்னதாக, மஞ்சளில் 'தர்ஷினி' என்று எழுதிவைத்தேன். மாமாவிடம் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு அது ஒரு பெரிய விஷயமும் இல்லை.

போர்டை முன்கூட்டியே எரித்துப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பல்புகளை எரித்துப் பார்த்தோம். ஒவ்வொரு வரிசையும் சிவப்பாக, பச்சையாக ஒழுங்காக எரிந்தது. ஆனால் சாமி படத்தை மட்டும் பூஜை போடாமல் ஏற்றக்கூடாது என்று தலைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மயில் முருகனின் வாகனம். தேங்காய் உடைக்காமல் அதற்கு சுவிட்ச் போடுவதாவது? கண்டியிலிருந்து வந்தவர்கள் இத்தனை வருடமும் எங்கே, எப்போது சோதித்துப் பார்த்தார்கள் என்று அவர் கேட்டதில்லை. நம் ஆள் செய்கிறான் என்றால்தான் இந்த முறையெல்லாம் ஞாபகம் வரும்.

தேருக்கு முதல் நாள் பின்னேரம் கோயில் வாசலில் பூஜை நடந்தது. மேல் டிவிசன் முழுக்கக் கூடியிருந்தது. நான் புதுப் பாவாடை சட்டையில் முன்வரிசையில் நின்றேன். பூசாரி பலகைக்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டி, தேங்காயை உடைத்தார். மாமா சிப்பைச் செருகி, கும்பிட்டுவிட்டு சுவிட்சைப் போட்டார்.

பலகை முழுக்க நீலமாக எரிந்தது. அதன் நடுவில், ஒவ்வொரு எழுத்தும் ஒரு சுளகு அகலத்துக்கு, பளபளவென்று மஞ்சளில், 'தர்ஷி' என்று வந்து நின்றது. 'னி'க்கு இடம் போதவில்லை.

என் வகுப்புப் பையன் ஒருவன் அதை எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தான். பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போனது அப்போதுதான்.

தலைவர் போர்டைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"என்ன தம்பி, முருகன் பேர மாத்திட்டீங்களா?"

"இல்லங்க ஐயா, ஏதோ கோளாறு…"

"கோளாறுல ஒங்க அக்கா மகள் பேரு வருமா? கோயில் போர்டுல குடும்பத்துக்கு வெளம்பரம் பண்றீங்களோன்னு நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்றது?"

தலைவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நாளைக்குத் தேர் புறப்படுவதற்கு முன்னால் மயில் வரவேண்டும், வராவிட்டால் போர்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வருடத்துக்குக் கண்டியில் இப்போதே சொல்லிவைத்துவிடுவேன் என்றார். மாமா சுவிட்சை அணைத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மாமா வாசலிலேயே உட்கார்ந்து லெப்டொப்பைத் திறந்து, மயிலை அப்படியும் இப்படியும் நகர்த்திப் பார்த்தார். கடைசியில் இடது மூலையைப் பெரிதாக்கினார். என் பெயர் வந்தது. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ தெரியாது. பிறகு விரலை ஸ்கிரீனில் வைத்து எழுத்துகளை ஒட்டிப் புள்ளிகளை எண்ணத் தொடங்கினார். நாற்பத்தெட்டு வந்ததும் விரல் 'ஷி'யைத் தாண்டி நின்றது.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மெதுவாக, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"அக்கா, இங்க வாங்க. வயருல ஒன்னுமில்ல. நாம யானையக் கொண்டுபோயி ஜன்னலுக்குப் பின்னால நிறுத்தியிருக்கோம். ஜன்னல்ல தெரிஞ்சது அதோட காது நுனி மட்டுந்தான். வரிசைக்கு பல்பு நாப்பத்தெட்டுதானே, படத்தோட மூலை மட்டும் வந்திருக்கு."

அம்மா வந்து பார்த்துவிட்டு, தம்பிக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று என்னைப் பார்த்தார். மாமா என் தலையில் கைவைத்தார்.

"இவ மட்டும் மூலையில பேர எழுதலன்னா போர்டு பூரா நீலமா எரிஞ்சிருக்கும். நான் வயர் பழுதுன்னு நெனச்சு இன்னிக்கி எல்லாத்தையும் பிச்சுப் போட்டிருப்பேன்."

அந்த நிமிடத்தில் எனக்கு உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. நான் செய்தது குற்றமில்லை, உதவி என்று ஆகிவிட்டதே. உடனே எனக்குப் பசித்தது.

மயிலைச் சுருக்குவதுதான் வேலை என்று நினைத்தோம். மறுநாள் காலையில் படத்தின் அளவை மாற்றும் இடத்துக்குப் போய், நாற்பத்தெட்டு, முப்பத்திரண்டு என்று மாமா அடித்தார். என் விடுமுறை முழுவதும் ஒரு தபால் முத்திரை அளவுக்குச் சுருங்கிப்போனது. பெரிதாக்கிப் பார்த்தால் மயிலும் இல்லை, வானமும் இல்லை. மழையில் நனைந்த கோழி ஒன்று சாம்பல் நிறத்தில் கிடந்தது. மூக்குத் துவாரம், செதில், கொண்டைப்பூ எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

"அழுதுட்டு வா, முதல்லருந்து வரைவோம்," என்றார் மாமா.

வெறுமையான கட்டங்களோடு புதிதாகத் தொடங்கினோம். இப்போது ஒவ்வொரு புள்ளியும் ஒரு பல்ப். கண்ணுக்கு ஒரு பல்ப்தான் கொடுக்கமுடியும். அதை ஒரு கட்டம் தள்ளி வைத்தால் மயில் தூங்குகிறது, இன்னொரு கட்டம் தள்ளினால் முழிக்கிறது. அலகுக்கு இரண்டா மூன்றா என்று மாமாவும் நானும் சண்டை பிடித்தோம். தோகைக்குப் பத்துப் பன்னிரண்டு கண்கள் போதும் என்று நான் இறங்கி வந்தேன். கழுத்தில் இருந்த அத்தனை நீலத்தில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. மூலையில் எதுவும் எழுதவில்லை.

அன்று அம்மா வேலைக்குப் போகவில்லை. பிளேன்டீயும் சம்பலும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு ஸ்கிரீனைக் கிட்டக் குனிந்து பார்த்தார்.

"இது என்னா?"

"மயிலும்மா."

"ம்," என்றார். கதவடிக்குப் போய் நின்று திரும்பி இன்னொரு தடவை பார்த்தார். "இங்கருந்து பாத்தா ஏதோ பறவ மாதிரிதான் இருக்கு."

என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறார் என்று நினைத்து, நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

மத்தியானத்திலிருந்து மழையும் மிஸ்டு மூட்டமும். போர்டைத் தார்பாயால் மூடியிருந்ததால் சோதிக்க முடியவில்லை. மழை விட்டு, இருட்டு விழத் தொடங்கிய நேரம், தேருக்கு வடம் பிடிக்க ஆட்கள் வந்து நிற்கும்போதுதான் மாமா தார்பாயை இழுத்தார். தலைவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். சுவிட்ச் விழுந்தது.

பல்புகள் அழகாக எரிந்தன. நீலம், பச்சை, மஞ்சள் என்று கண்ணைப் பறித்தன. ஆனால் மயிலைக் காணவில்லை. வாசல் சின்னது, பலகைக்கு முன்னால் ஒட்டி நின்ற எங்களுக்குப் பெரிய பெரிய வெளிச்சப் பொட்டுகள் மட்டும்தான் தெரிந்தன. "கலர் நல்லாருக்கு," என்று யாரோ இரக்கப்பட்டுச் சொன்னார்கள். தலைவர் தலையை இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார். பிறகு சட்டைப் பையில் கையை விட்டுப் போனை எடுத்தார். மாமாவின் கை இன்னும் சுவிட்சிலேயே இருந்தது. எடுக்க மறந்துவிட்டார் போலும்.

அப்போது அம்மாவின் போன் அடித்தது. அம்மா வழக்கம்போல அதை என்னிடம் நீட்டினார். அப்பாவின் தங்கை, அத்தை. பள்ளத்துக்கு அந்தப் பக்கம், எதிர்மலையில் இருக்கிற கீழ் டிவிசன் லயத்தில் இருந்தார். கைப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கோயிலுக்கு வரவில்லை. நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணி, மயில பாத்தீங்களா? இங்க லயத்துல எல்லாரும் வெளிய வந்து நிக்கிறோம். அப்பிடியே தோகைய விரிச்சிக்கிட்டு நிக்கிது. புள்ள அழுகைய நிறுத்திட்டு அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கான்."

தலைவர் போனை எடுத்த கையோடு நின்றார்.

"எங்கருந்து பாக்குற?" என்று கேட்டார்.

"வாசல்ல இருந்துதாங்க. ஏன், ஒங்களுக்குத் தெரியலையா?"

தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோயில் படியிறங்கி, தேயிலைக்கு நடுவில் போகும் ரோட்டில் நடக்கத் தொடங்கினார். மாமா பின்னால் போனார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வடம் பிடிக்க வந்தவர்களும் வந்தார்கள். முதலாவது வளைவில் திரும்பிப் பார்த்தோம், இன்னும் பொட்டுகள்தான். இரண்டாவது வளைவில் ஏதோ அசைந்து கூடுகிற மாதிரி இருந்தது. மலைத்தண்ணீர் குழாயில் கொட்டும் பீலி இருக்கும் மூன்றாவது வளைவில் தலைவர் நின்று திரும்பினார். நாங்களும் திரும்பினோம்.

மேட்டின் மேல், இருட்டில், எங்கள் மயில் நின்றது. கழுத்தை நிமிர்த்தி, தோகையை முழுக்க விரித்து, அந்த ஒற்றைப் பல்ப் கண்ணால் பள்ளம் முழுவதையும் பார்த்துக்கொண்டு நின்றது. அதன் கழுத்தில் நான் போட்ட ஒரே நீலம் இப்போது பல நீலங்களாகத் தெரிந்தது எப்படி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

தலைவர் போனைப் பையில் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். பிறகு மாமாவின் பக்கம் திரும்பினார்.

"கிட்ட நின்னு பாத்தது எங்க தப்புத்தான் தம்பி. மத்தத் தோட்டத்து ஆளுங்க இப்பத் தேர் பாக்க வந்துருவாங்க. நீங்களும் எங்கூட நில்லுங்க, நானே பேசி விடுறேன்."

மாமா பீலித் திட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மாவைப் பார்க்காமலே, "நாளன்னிக்கி மாத்தளைக்குப் போயி, ஏஜென்ட்டுக்கிட்ட பாஸ்போட்ட திருப்பி வாங்கிட்டு வந்திர்றேன் அக்கா," என்றார்.

எனக்கு அப்போதுதான் டெப் ஞாபகம் வந்தது. அது போய்விட்டது. மயில் இவ்வளவு நன்றாக வந்திருக்கவேண்டியதில்லையோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் பெருமை பெருமைதானே. பாராட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மா அழுதுகொண்டிருந்தார். கண்ணைத் துடைக்கவும் இல்லை. என் மயில் அம்மாவை அழவைக்கும் அளவுக்கு அழகாக வந்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒன்றுதான் உறுத்தியது. எல்லோரும் மேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க, அம்மா மட்டும் பீலித் திட்டில் உட்கார்ந்திருந்த மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையை இழுத்தேன்.

"அம்மா, மயிலு அங்க இருக்கு. நீங்க எங்க பாக்குறீங்க?"

"பாத்துக்கிட்டுத்தான் புள்ள இருக்கேன்," என்றார் அம்மா, முகத்தைத் திருப்பாமலே.

பாவம், அம்மாவுக்கு அவ்வளவு தூரம் கண் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, மயில் எப்படியெல்லாம் நிற்கிறது என்று நானே அவருக்கு விளக்கிச் சொல்ல ஆரம்பித்தேன்.